தடுப்பூசி போட்ட தோள் முடங்கினால் நஷ்டஈடு உண்டா?

வாசலூர்பட்டி மிளகுத் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவது?

கொல்லிமலைக்குப் போக காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். தோளில் இறங்குவதோ ஒரே ஒரு ஊசி. அரை நிமிட வேலை.

அந்த ஒரு ஊசி இரண்டு விரல்கடை மேலே இறங்கிவிட்டால்? மறுநாளே கை தூக்க வராமல் போனால்? ஆறு மாதம் ஆகியும் சரியாகாவிட்டால்?

அமெரிக்காவில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. தனிப் பணம் இருக்கிறது. மனுவை விசாரிக்கத் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை.

படகு இல்லம் பார்க்க சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் வாசலூர்பட்டியில், மிளகு பறித்துப் பிழைக்கும் ஒரு தொழிலாளிக்கு அதே கதி நேர்ந்தால் என்ன வழி? வழி இருக்கிறது. ஆனால் வளைவு 70-க்கும் மேல்!

ஊசி எங்கே தவறுகிறது?

அரிவாள் வெட்டுக்கு டி.டி. ஊசி, கொரோனாவுக்குத் தடுப்பூசி, நாய் கடித்தால் ஊசி என்று பெரியவர்களுக்குப் போடும் பல தடுப்பூசிகள் தோளுக்குக் கீழே உள்ள கனத்த தசையில்தான் போடப்படுகின்றன. தோள் எலும்பின் முனையைத் தொட்டுப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே குத்த வேண்டும் என்பது கணக்கு.

அதற்கு மேலே குத்திவிட்டால் ஊசி தசைக்குப் போகாமல், எலும்புக்கு அடியில் மெத்தை போல இருக்கும் சின்ன நீர்ப்பையிலோ, மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலோ இறங்கிவிடும். தடுப்பு மருந்து என்பதே உடம்பைச் சண்டைக்குக் கிளப்பும் மருந்து. தசைக்குள் நடக்க வேண்டிய அந்தச் சண்டை மூட்டுக்குள் நடக்கிறது. மூட்டு வீங்குகிறது. இறுகுகிறது.

சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இது அடங்காது. 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். தலை சீவ முடியாது. சட்டை மாட்ட முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

2007-ம் ஆண்டு 2 நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 2010-ல் 13 பேரைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. அதில்தான் இதற்கு "சிர்வா" என்ற பெயர் கிடைத்தது. தடுப்பூசி போட்ட விதத்தால் வந்த தோள்பட்டைக் காயம் என்பதன் சுருக்கம் அது.

ஊசி போடுபவர் நின்றுகொண்டும், போட்டுக்கொள்பவர் உட்கார்ந்தும் இருந்தால் ஊசி மேலே போக வாய்ப்பு அதிகம். இருவரும் உட்கார வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் எளிய வழி. சட்டைக் காலரைக் கீழே இழுத்துத் தோள் முனையை மட்டும் காட்டுவதும் ஆபத்து. கை முழுக்க வெளியே தெரிய வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் முகாமில் யார் உட்கார்ந்து போடுகிறார்கள்? நியாயமான கேள்விதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது அபூர்வம். ரணஜன்னி கண்டால் உயிர் போகும். ஊசிக்குப் பயந்து டி.டி. போடாமல் இருப்பது புத்திசாலித்தனம் இல்லை. மருந்து மேல் குற்றம் இல்லை, குத்திய இடம்தான் குற்றம். கோர்ட்டில் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான்.

அமெரிக்காவில் எப்படி?

1980-களில் அமெரிக்காவில் தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்கு மேல் வழக்கு விழுந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டு ஓட ஆரம்பித்தன. குழந்தைகளுக்குப் போட மருந்தே இல்லாமல் போய்விடுமோ என்ற நிலை.

1986-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 1988-ல் இருந்து நஷ்டஈடு தர ஆரம்பித்தார்கள். பணம் எங்கிருந்து? ஒரு தடுப்பூசி எத்தனை நோயைத் தடுக்கிறதோ, நோய்க்கு 75 சென்ட் வீதம் ஒவ்வொரு டோசுக்கும் வரி. அந்த வரி ஒரு நிதியில் சேருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து பணம். அவருடைய வக்கீல் பீசும் அதிலிருந்தே. அந்த நிதியில் இருந்து பீஸ் வாங்கும் வக்கீல் கட்சிக்காரரின் பையில் கை வைக்கக் கூடாது!

எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். 2017 மார்ச்சில் தோள்பட்டைக் காயமும் அந்தப் பட்டியலில் ஏறியது. ஊசிக்கு முன்பு அந்தத் தோளில் வலி இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட தோளில் மட்டும் இருக்க வேண்டும். வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். முதல் அறிகுறி தெரிந்த நாளில் இருந்து 3 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2½ லட்சம் டாலர். வைத்தியச் செலவும் போன சம்பளமும் தனி.

இதற்கும் ஒரு கண்டம் வந்தது. "இது மருந்தால் வந்த பாதிப்பு அல்ல, ஊசி போட்டவர் கைத்தவறு. இதற்கு ஏன் இந்த நிதி?" என்று அங்குள்ள சுகாதாரத் துறையே கேட்டது. 2021 ஜனவரியில் பட்டியலில் இருந்து நீக்கி உத்தரவும் போட்டது. ஆட்சி மாறியதும், அமலுக்கு வரும் முன்பே ஏப்ரலில் அந்த உத்தரவு ரத்து ஆனது.

இங்கிலாந்திலும் 1979-ல் இருந்து சட்டம் உண்டு. 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன் மொத்தமாகத் தருவார்கள். ஆனால் உடல் ஊனம் 60 சதவீதம் இருக்க வேண்டும். தோள் மட்டும் இறுகியவர் அந்த வாசற்படியைத் தாண்டுவது கஷ்டம்.

நம் ஊர் நிலவரம்

தோள்பட்டைக் காயத்தை இப்படிப் பட்டியல் போட்டு நஷ்டஈடு தரும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை.

சென்னையில் 2020-ம் ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொரோனா தடுப்பூசிப் பரிசோதனைக்குத் தானாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்ட 40 வயதுக்காரர் ஒருவர், தனக்கு நரம்பு சம்பந்தமான கடும் பாதிப்பு வந்துவிட்டது என்று ரூ.5 கோடி கேட்டு வக்கீல் நோட்டீசு அனுப்பினார். சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனம் அதை மறுத்தது. பாதிப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை, பெயரைக் கெடுத்ததற்கு நாங்கள் ரூ.100 கோடிக்கு மேல் கேட்போம் என்றது! ஊசி போட்டுக்கொண்டவர் பிறகு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். பரிசோதனை ஊசியில் பாதிக்கப்பட்டால் நஷ்டஈடு தர 2019-ம் ஆண்டு விதிகளிலேயே இடம் உண்டு. அப்படிப்பட்டவருக்கே இந்தப் பாடு.

பரிசோதனை முடிந்து ஊருக்கே போடும் ஊசி என்றால்?

2021-ல் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு இறந்துபோன 2 இளம்பெண்களின் பெற்றோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் மனு போட்டது. தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, அபூர்வமாக நடக்கும் மரணத்துக்கு அரசை நேரடிப் பொறுப்பாக்குவது சட்டப்படி நிற்காது என்பது அதன் வாதம். பாதிக்கப்பட்டவர்கள் கவனக்குறைவு என்று சொல்லி சிவில் கோர்ட்டுக்கோ நுகர்வோர் கோர்ட்டுக்கோ போகலாம் என்றும் அந்த மனுவில் கூறப்பட்டிருந்தது.

உயிர் போனதற்கே அரசு அன்று தந்த பதில் இது. தோள் போனவருக்கு அந்தப் பதிலில் இருந்து கிடைக்கும் வழி இரண்டு. ஒன்று நுகர்வோர் கோர்ட்டு. இன்னொன்று சிவில் கோர்ட்டு.

காசு கொடுத்தால் ஒரு கோர்ட்டு, இலவசம் என்றால் வேறு கோர்ட்டு!

ஊசி தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போட்டதா? அப்படியானால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பு அதற்குக் கதவைத் திறந்தது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த கட்டணம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட்டுக் கட்டணமே கிடையாது. 2019 சட்டப்படி, புகார்க்காரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேலத்தில் ஊசி போட்டிருந்தாலும் நாமக்கல்லில் வழக்கு நடத்தலாம்.

அதே 1995 தீர்ப்பு இன்னொரு கதவைச் சாத்தியும் வைத்தது. எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் இடம் என்றால், அங்கே போனவர் "நுகர்வோர்" ஆக மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முகாமிலும் ஊசி இலவசம். வாசலூர்பட்டிக்காரர் போவது அங்கேதான். காசு கொடுத்தவனுக்குக் கட்டணம் இல்லாத கோர்ட்டு, காசு இல்லாதவனுக்குக் கட்டணம் கேட்கும் கோர்ட்டு. என்ன கணக்கோ!

அதனால் அரசு ஊசி என்றால் சிவில் கோர்ட்டு. முதலில் அரசுக்கு நோட்டீசு கொடுக்க வேண்டும். அதை நாமக்கல் கலெக்டர் பெயருக்கே கொடுக்கலாம். 2 மாதம் கழித்துத்தான் வழக்கு. காலக்கெடு விஷயத்தில் வாதப் பிரதிவாதம் வரும் என்பதால் ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுவது பத்திரம்.

அரசை எதிர்த்து ஏழை ஜெயிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அரியானாவில் 7 குழந்தை பெற்ற ஒரு கூலிப் பெண், அரசு ஆஸ்பத்திரியில் இலவசக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். இரண்டு குழாயில் ஒன்றைத்தான் டாக்டர் அடைத்திருந்தார். எட்டாவது குழந்தை பிறந்தது. "அரசு செய்யும் இலவசச் சேவை, எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று அரசு வாதாடிப் பார்த்தது. 2000-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஊழியர் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று சொல்லி, கீழ்க்கோர்ட்டு கொடுத்த ரூ.54 ஆயிரத்தை உறுதி செய்தது. இலவசமும் அரசுத் திட்டமும் கவனக்குறைவுக்கு மறைவிடம் அல்ல என்பதற்கு அந்தத் தீர்ப்பு சாட்சி.

போலீசில் புகார் கொடுத்தால்?

பலருக்கும் முதலில் தோன்றுவது வாழவந்திநாடு போலீஸ் நிலையம்தான். "நர்சு மேல கேஸ் போடுங்க சார்" என்று போய் நிற்பார்கள். அதில் பெரிய பலன் இருக்காது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்புப்படி, வைத்தியத்தில் கிரிமினல் குற்றம் என்றால் அது மிகக் கொடிய கவனக்குறைவாக இருக்க வேண்டும். வேறொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தை வாங்காமல் போலீஸ் மேற்கொண்டு போகக் கூடாது. ஊசி இரண்டு விரல் மேலே போனது அந்த வகையில் சேருவது கடினம். ஜெயில் வேறு, நஷ்டஈடு வேறு. தோளுக்குத் தேவை நஷ்டஈடு.

எல்லாம் சீட்டில்தான்!

வாசலூர்பட்டியில் ஒருவருக்கு இப்படி நேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிற்கும். மூங்கில் ஏணியில் நின்று, தலைக்கு மேலே கையை நீட்டித்தான் பறிக்க வேண்டும். கை தோளுக்கு மேலே போகாதவன் ஏணிக்குக் கீழே நிற்க வேண்டியதுதான்.

அவர் என்ன செய்வார்? நர்சிடம் போய், "சிஸ்டர், ஊசி போட்ட கை தூக்க முடியலைங்க" என்பார். "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்ண்ணே, ஒத்தடம் குடுங்க" என்று பதில் வரும். வீட்டுக்கு வந்து தைலம் தேய்ப்பார். மூன்று மாதம் ஓடிவிடும். பிறகு டாக்டரிடம் போவார். அப்போது எழுதப்படும் சீட்டில் "3 மாதமாகத் தோள்வலி" என்று மட்டும் இருக்கும். ஊசி என்ற வார்த்தையே இருக்காது.

வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மூட்டை தூக்கியதால் வந்த வலி இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்?" சர்க்கரை நோய்க்காரர் என்றால் இன்னும் மோசம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசியே போடாமலும் தோள் இறுகுவது உண்டு. அதை அந்த வக்கீல் விடுவாரா?

ஆகவே ஊசி போட்ட அன்று கொடுத்த சீட்டைத் தொலைக்கக் கூடாது. எந்தத் தேதி, எந்த ஊசி, எந்தக் கை, மருந்துப் பெட்டியின் பேட்ச் எண் என்ன என்று அதில் இருக்கிறதா பார்க்க வேண்டும். இல்லை என்றால் அங்கேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். வலி மூன்றாவது நாளும் குறையவில்லை என்றால் நான்காவது நாள் டாக்டரிடம் போய்விட வேண்டும். "இந்தத் தேதி ஊசி போட்டதில் இருந்து வலி" என்று டாக்டர் கையால் எழுதி வாங்க வேண்டும். அந்த ஒரு வரி ஆயிரம் ரூபாய் ஸ்டாம்பு பேப்பரை விடப் பெரியது.

ஸ்கேன் எடுக்க மலையிறங்க வேண்டும். பஸ்சுக்கு ஒரு பகல், கூலிக்கு ஒரு நாள் போகும். ஆனாலும் நீர்ப்பை வீங்கியிருப்பதையும் சவ்வு இறுகியிருப்பதையும் எம்.ஆர்.ஐ. படம் காட்டும். ஊசி போட்ட சில வாரத்துக்குள் எடுத்த படத்துக்கு மதிப்பு அதிகம். படம் எடுப்பதும் வைத்தியம் பார்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். கைப்பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் மூட்டுக்குள் மருந்து என்று பலருக்கு குணமும் ஆகிறது. வழக்குக்காக யாரும் தோளை இறுகவிட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக் காகிதம் தர மறுக்கிறார்களா? நோயாளி எழுதிக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அரசு இடம் என்றால் தகவல் அறியும் சட்டத்திலும் கேட்கலாம். தடுப்பூசிக்குப் பின் வந்த பாதிப்பு என்று சுகாதார நிலையத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதை விசாரிக்க மாவட்ட அளவில் கமிட்டி உண்டு. கொரோனா தடுப்பூசி வழக்கு ஒன்றில் 2022 மே 2-ந்தேதி தீர்ப்புக் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, பாதிக்கப்பட்டவரும் தனியார் டாக்டரும் தாங்களே இப்படிப் பதிவு செய்ய வழி செய்யச் சொன்னது. கமிட்டி முடிவு எப்படி வந்தாலும் பதிவு ஒரு ஆதாரம்.

தொகை எவ்வளவு?

தோள்பட்டைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் கிடையாது. வாகன விபத்து வழக்குகளில் கோர்ட்டு எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைப் பார்த்தால் ஒரு பிடி கிடைக்கும். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விபத்து வழக்கில் இதை விளக்கியது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும். ஆபீசில் எழுதும் குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. ஆகவே டாக்டர் சொல்லும் ஊனச் சதவீதம் ஒன்று, பிழைப்பில் விழுந்த அடி வேறு என்றது.

டாக்டர் "15 சதவீதம்" என்று எழுதலாம். ஏணி ஏற முடியாத மிளகுத் தொழிலாளிக்கு அது 15 அல்ல. அதைக் காட்ட அவர் என்ன வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். தோட்டக்காரரின் கூலி நோட்டு, 100 நாள் வேலை அட்டை, சோளக்காடு சந்தையில் சரக்கு போட்ட ரசீது, கூட வேலை பார்த்தவர் சாட்சி என எது கிடைத்தாலும் எடுத்து வைக்க வேண்டும்.

வக்கீல் பீசுக்கு எங்கே போவது?

மலையில் பெரும்பாலோர் பழங்குடியினர். அவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டம் ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழங்குடியினர், ஆதிதிராவிடர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வழக்கு நடத்த வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடங்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

நாமக்கல் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும், வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். சாதிச் சான்றிதழ், ஊசி போட்ட சீட்டு, டாக்டர் எழுதிய சீட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். மலையிறங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.